ஊர்ப் பள்ளியும் குழந்தைத் திருமணமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெண்ணைப் படிக்கவைத்தால் சின்ன வயதுக் கல்யாணம் தானாக நின்றுவிடும் என்று எல்லோரும் சொல்கிறோம். எந்தப் பள்ளி, எந்த வயதில், யார் நடத்தினால் என்று கேட்டால் பதில் அவ்வளவு சுலபமாக வருவதில்லை. அந்தக் கேள்விகள்தான் இங்கே.

குழந்தைத் திருமணம் இன்னமுமா நடக்கிறது?

நடக்கிறது. 18 வயது நிறையாத ஒருவருக்கு நடக்கும் திருமணம் குழந்தைத் திருமணம். பதிவு செய்யாமல், சடங்குகூட இல்லாமல், "இனி அந்த வீட்டில் இரு" என்று அனுப்பிவைத்தாலும் கணக்கு அதுதான். யுனிசெஃப் மதிப்பீட்டின்படி ஆண்டுக்குச் சுமார் 1.2 கோடிச் சிறுமிகளுக்கு இப்படித் திருமணம் ஆகிறது. இன்று உயிரோடிருக்கும் பெண்களில் சுமார் 64 கோடிப் பேர் குழந்தைப் பருவத்தில் மணம் முடிக்கப்பட்டவர்கள். அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் தெற்காசியாவில் இருக்கிறார்கள். விகிதம் மிக அதிகமாக இருக்கும் நாடு நைஜர். அங்கே நான்கு பெண்களில் மூவர் 18க்கு முன் மனைவியாகிவிடுகிறார்கள்.

குறைந்தும் வருகிறது. இந்தியாவில் 20-24 வயதுப் பெண்களில் 18க்கு முன் மணமானவர்கள் 2005-06 குடும்பநலக் கணக்கெடுப்பில் 47 சதவீதம். 2019-21 கணக்கெடுப்பில் 23 சதவீதம். ஆனாலும் உலகம் இப்போது போகும் வேகத்தில் போனால் இது ஒழிய 300 ஆண்டுகள் ஆகும் என்று 2023இல் யுனிசெஃப் சொன்னது. ஐ.நா. வைத்திருக்கும் கெடுவோ 2030.

சமுதாயப் பள்ளி என்றால் என்ன? அரசுப் பள்ளி இருக்கிறதே?

இருக்கும் இடத்தில் அரசுப் பள்ளியே போதும். அது இல்லாத இடத்தில், அல்லது ஐந்தாம் வகுப்போடு நின்றுபோகும் இடத்தில், ஊர்க்காரர்களே இடம் கொடுத்து, ஒரு குழு அமைத்து, தங்களுக்குத் தெரிந்த ஒருவரை ஆசிரியையாக வைத்து நடத்துவது சமுதாயப் பள்ளி. பாடத்திட்டம் பெரும்பாலும் அரசுடையதுதான். வங்கதேசத்தில் பிராக் என்ற தொண்டு நிறுவனம் 1985இல் 22 பள்ளிகளோடு இதைத் தொடங்கியது. ஓர் அறை, முப்பது சொச்சம் பிள்ளைகள், அதே ஊர்ப் பெண் ஒருவர் ஆசிரியை, பெற்றோரைக் கேட்டு வைத்த நேரம். பிள்ளைகளில் பெரும்பாலோர் சிறுமிகள். இந்த எளிய அமைப்புதான் பிறகு பல்லாயிரம் ஊர்களுக்குப் பரவியது.

பெண் குழந்தைகளுக்கு இது ஏன் அதிகம் பொருந்துகிறது என்பதற்குத் தூரம்தான் முதல் காரணம். ஆப்கானிஸ்தானின் கோர் மாகாணத்தில் 2007இல் சில ஊர்களுக்கு மட்டும் உள்ளூர்ப் பள்ளி கொடுத்து, மற்ற ஊர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பள்ளி ஒரு மைல் தள்ளிப்போனால் சிறுவர்களின் சேர்க்கை 13 சதவீதப் புள்ளி குறைந்தது. சிறுமிகளுடையது 19 புள்ளி. பள்ளி ஊருக்குள்ளேயே வந்தபோது சிறுமிகளின் சேர்க்கை 52 புள்ளி ஏறியது. பெண்ணைப் படிக்கவைக்க மனமில்லை என்று நாம் எளிதாகப் பழி சொல்லும் பெற்றோரில் பலருக்கு உண்மையில் மனமில்லாதது, அவளை அந்தப் பாதையில் தனியாக அனுப்புவதற்கு. அதே நாட்டில் 2021க்குப் பிறகு ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்கள் படிக்கவே தடை வந்துவிட்டது என்பதையும் சொல்லாமல் இருக்க முடியாது. ஆட்சி கதவைச் சாத்தினால் ஊர்ப் பள்ளியால் ஓரளவுக்குத்தான் ஈடுகட்ட முடியும்.

பள்ளியைப் பக்கத்தில் கொண்டுவர முடியாவிட்டால் பெண்ணைப் பள்ளிக்குக் கொண்டுபோகலாம். பீகார் அரசு 2006இல் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்குச் சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. அந்த வயதுப் பெண்களின் உயர்நிலைப் பள்ளிச் சேர்க்கை சுமார் மூன்றில் ஒரு பங்கு கூடியது. பலன் அதிகம் தெரிந்தது, பள்ளி 3 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த ஊர்களில்.

பள்ளிக்குப் போவதால் கல்யாணம் எப்படித் தள்ளிப்போகும்?

படித்த பெண் உரிமை தெரிந்தவளாகி எதிர்த்துப் பேசுவாள் என்பது மேடையில் சொல்லப்படும் விளக்கம். நடைமுறையில் அதைவிடச் சாதாரணமான ஒன்று முதலில் வேலை செய்கிறது. பெண் கேட்டு வருபவர்களிடம் பெற்றோர் சொல்ல ஒரு மரியாதையான பதில் கிடைக்கிறது: "இன்னும் படிச்சுக்கிட்டு இருக்கா, முடியட்டும்." இதைச் சொன்னால் வந்தவர்கள் முகம் சுளிக்க மாட்டார்கள், சொன்னவர்களுக்கும் கௌரவக் குறைவு இல்லை. படிப்பு நின்று வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு இந்தப் பதில் கிடையாது. "சும்மாதானே இருக்கிறாள்" என்ற ஒரு பேச்சு போதும், ஆறு மாதத்தில் நாள் குறித்துவிடுவார்கள்.

இரண்டாவது, பள்ளியில் அவளைத் தினமும் எண்ணும் ஒருவர் இருக்கிறார். திங்கட்கிழமை வரவில்லை என்றால் செவ்வாய்க்கிழமை கேட்பார். திருமணத்தைத் தடுத்தவர்கள் சொல்லும் அனுபவங்களில் சட்டத்தைவிட முன்னால் வருவது இந்த விசாரிப்பு. மூன்றாவதாகத்தான் அவள் கற்றுக்கொள்வது வருகிறது. அது முக்கியமில்லை என்பதல்ல. அது பலன் தர ஆண்டுகள் ஆகும், அதுவரை அவள் பள்ளியில் இருந்தாக வேண்டும்.

அப்படியென்றால் பள்ளிக்கூடம் கட்டினால் வேலை முடிந்ததா?

இல்லை. இதற்குக் கசப்பான சாட்சி வங்கப் பகுதி. வங்கதேசம் 1994 முதல் நாடு முழுவதும் கிராமப்புற மாணவிகளுக்கு உதவித்தொகை கொடுத்தது. நிபந்தனைகள் மூன்று: 75 சதவீத வருகை, தேர்வில் 45 சதவீத மதிப்பெண், திருமணம் ஆகாமல் இருப்பது. உயர்நிலைப் பள்ளிகளில் பெண்கள் நிரம்பினார்கள். ஆனால் 2019 கணக்கெடுப்பிலும் அங்கே பாதிப் பெண்கள் 18க்கு முன் மணமானவர்களாகவே இருந்தார்கள். மேற்கு வங்கத்தில் மணமாகாமல் படிப்பைத் தொடரும் பெண்களுக்குப் பணம் தர 2013இல் தொடங்கிய கன்யாஸ்ரீ திட்டம் 2017இல் ஐ.நா. பொதுச்சேவை விருது வாங்கியது. அங்கே விகிதம் 2015-16இலும் 2019-21இலும் அதே 41.6 சதவீதம்.

படிப்புக்குப் பிறகு என்ன என்ற கேள்விக்குப் பதில் இல்லாத ஊரில், படிப்பு கல்யாணத்தை ஓரிரு ஆண்டு தள்ளிவைக்கும், அவ்வளவுதான். சில இடங்களில் படித்த பெண் என்பதே கல்யாணச் சந்தையில் ஒரு தகுதியாகிவிடுகிறது. வேலைக்கோ தொழிலுக்கோ மேல்படிப்புக்கோ போன ஒரே ஒரு பெண்ணாவது ஊர்ப் பார்வையில் இருந்தால் நிலைமை மாறுகிறது.

விழிப்புணர்வுக் கூட்டம், பேரணி, உறுதிமொழி இதெல்லாம் பயன் தருமா?

புகைப்படத்துக்குப் பயன் தரும். சிறு வயதில் கர்ப்பம் ஆபத்து என்பது பெரும்பாலான பெற்றோருக்குத் தெரியும். தெரிந்தும் செய்கிறார்கள் என்பதுதான் பிரச்சினை.

இதைக் கச்சிதமாகக் காட்டிய ஆய்வு ஒன்று வங்கதேசத்தின் தெற்குக் கிராமங்களில் நடந்தது. சில ஊர்களில் பெண்களுக்குக் குழுவாக வாழ்க்கைத் திறன் வகுப்பு நடத்தினார்கள். வேறு சில ஊர்களில் 15-17 வயதுப் பெண்ணுக்குத் திருமணம் ஆகாமல் இருக்கும்வரை நான்கு மாதத்துக்கு ஒருமுறை சமையல் எண்ணெய் கொடுத்தார்கள். வகுப்புகளால் பெண்களின் படிப்பு முன்னேறியது. திருமண வயது நகரவில்லை. எண்ணெய் கொடுத்த ஊர்களில் 18க்கு முன் திருமணம் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. எண்ணெயின் விலை பெரிய தொகை அல்ல. ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கம் இது: பெண்ணை அதிக நாள் வைத்திருந்தால் "ஏதோ குறை இருக்கிறது போல" என்று ஊர் பேசும் என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். எண்ணெய்க்காகக் காத்திருக்கிறோம் என்றால் அந்தப் பேச்சு எழாது. மேலே சொன்ன "படிச்சுக்கிட்டு இருக்கா" செய்யும் வேலையும் இதேதான்.

வகுப்புகளே வீண் என்று இதிலிருந்து முடிவுகட்டக் கூடாது. அதே நாட்டில் குல்னா, சாத்கிரா, நராயில் மாவட்டங்களில் நடந்த பாலிகா திட்டத்தில் தனிப்பயிற்சி, உரிமைக் கல்வி, வருமானத் திறன் மூன்றையும் தனித்தனி ஊர்களில் சோதித்தார்கள். மூன்றுமே குழந்தைத் திருமணத்தை மூன்றில் ஒரு பங்கு வரை குறைத்தன. எனக்குத் தோன்றுவது: வகுப்பின் தலைப்பைவிட, பெண்கள் வாரந்தோறும் ஓர் இடத்தில் கூடுவதும் அது ஊருக்குத் தெரிவதும்தான் பெரிய விஷயம்.

'அதிகாரமளித்தல்' என்றால் பெண்ணை அப்பாவுக்கு எதிராகத் தூண்டிவிடுவதா?

அப்படிச் செய்தால் அந்தப் பள்ளி அடுத்த மாதமே காலியாகும், ஆகவும் வேண்டும். பதின்மூன்று வயதுப் பெண்ணின் தலையில் குடும்பத்தையே எதிர்க்கும் பாரத்தை ஏற்றுவது அதிகாரம் அல்ல, கைவிடுதல்.

செய்யக்கூடியது வேறு. தன் வயது அவளுக்குச் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும், பிறப்புச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். உதவி கேட்கக் குறைந்தது இரண்டு பெரியவர்களின் பெயர் தெரிந்திருக்க வேண்டும். தன் பேரில் ஒரு சேமிப்புக் கணக்கு. பேச்சுப் பழக்கம்: வகுப்பில் எழுந்து ஒரு கருத்தைச் சொல்லிப் பழகியவளால்தான் அம்மாவிடம் "இந்த வருசம் வேண்டாம்மா, பரீட்சை முடியட்டும்" என்று சொல்ல முடியும். தோழிகள் கூட்டம். தனியாக இருப்பவளை ஒரே வாரத்தில் கட்டிக்கொடுத்துவிடலாம். இருபது தோழிகள் தேடி வரும் பெண்ணை அவ்வளவு சத்தமில்லாமல் செய்ய முடியாது.

உகாண்டாவில் பிராக் 2008இல் தொடங்கிய பெண்கள் மன்றங்கள் இப்படிப்பட்டவை. பள்ளிக்கு வெளியே, மாலை நேரத்தில், அதே ஊரைச் சேர்ந்த சற்றே மூத்த பெண் ஒருத்தி நடத்துவது. விளையாட்டு, உடல்நலப் பேச்சு, கூடவே கைத்தொழில். இரண்டு ஆண்டுகளில் பதின்ம வயதுக் கர்ப்பம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. சீக்கிரமே மணமாவதும் சேர்ந்து வாழப் போவதும் அதைவிடக் கூடுதலாகக் குறைந்தன.

எந்த வயதில் தொடங்க வேண்டும்?

பத்து வயதில். பூப்பெய்திய பிறகு தொடங்கினால் பாதி ரயில் போய்விட்டது என்று அர்த்தம்.

எத்தியோப்பியாவின் அம்ஹாரா பகுதியில் 2004 முதல் 2006 வரை 'பெர்ஹானே ஹெவான்' என்ற முன்னோடித் திட்டம் நடந்தது. பள்ளிப் பொருள்கள், வழிகாட்டிப் பெண்கள் நடத்திய குழுக்கள், ஊர்ப் பெரியவர்களோடு தொடர் பேச்சு, மணம் முடிக்காமல் திட்டத்தில் நீடித்த பெண்ணின் குடும்பத்துக்குக் கடைசியில் ஓர் ஆடு. 10-14 வயதுச் சிறுமிகளிடையே திருமணம் ஒப்பீட்டு ஊரைவிடப் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. 15-19 வயதினரிடமோ திட்டம் நடந்த ஊரில்தான் திருமணம் கூடுதல். இந்த இரண்டாம் பாதியைத் திட்டத்தைப் புகழ்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

இந்தியாவில் இன்னொரு ஓட்டை உண்டு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரைதான். திருமண வயது 18. நடுவில் இருக்கும் நான்கு ஆண்டுகளில்தான் ஆபத்து முழுவதும் இருக்கிறது. சமுதாயப் பள்ளி தொடங்குபவர்கள் தொடக்க வகுப்புகளோடு நிறுத்திக்கொள்ளாமல் இந்த நான்கு ஆண்டுகளுக்கு ஒரு வழி வைத்திருக்க வேண்டும்: பக்கத்து மேல்நிலைப் பள்ளிக்குக் கூட்டாகப் போக ஏற்பாடு, திறந்தநிலைப் பள்ளித் தேர்வு, விடுதி, எதுவானாலும். பின்தங்கிய வட்டாரங்களில் 2004இல் தொடங்கிய கஸ்தூர்பா காந்தி உண்டு உறைவிடப் பள்ளிகளும் முதலில் எட்டாம் வகுப்பு வரைதான் இருந்தன. பிறகுதான் பன்னிரண்டு வரை நீட்ட வழி திறந்தது.

படிப்பு நின்று நான்கைந்து ஆண்டு ஆனவர்களை என்ன செய்வது? சின்னப் பிள்ளைகளோடு உட்கார வெட்கப்படுகிறார்களே?

வெட்கம் நியாயமானது. பதின்மூன்று வயதுப் பெண்ணை இரண்டாம் வகுப்பில் உட்காரவைத்தால் மறுநாள் வர மாட்டாள். உத்தரப் பிரதேசத்தின் ஹர்தோய் மாவட்டத்தில் 1999இல் தொடங்கிய 'உடான்' உறைவிட முகாமில், பள்ளிக்கே போகாத அல்லது பாதியில் நின்ற சிறுமிகளுக்கு ஐந்தாம் வகுப்பு வரையான பாடத்தைப் பதினொரு மாதத்தில் முடித்துத் தேர்வு எழுதவைத்தார்கள். வயது ஏறிய பிள்ளைக்குப் பிடிக்கும் திறன் அதிகம். வேகமாகக் கற்றுத்தர முடியும்.

பணம் கொடுத்தால் நிற்குமா?

எப்படிக் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஹரியாணாவில் 1994இல் பெண் குழந்தை பிறந்ததும் அவள் பேரில் ஒரு பத்திரம் எடுத்து, 18 வயதில் மணமாகாமல் இருந்தால் பணம் என்றார்கள். பெண்கள் வளர்ந்த பின் ஆராய்ந்தபோது தெரிந்தது: பல குடும்பங்கள் அதைக் கல்யாணச் செலவுக்கான பணமாகவே நினைத்துக்கொண்டிருந்தன. 18இல் கொடுக்கும் மொத்தத் தொகை 18இல் கல்யாணம் செய்யத் தூண்டுகிறது என்பது யோசித்தால் ஆச்சரியமில்லை.

மலாவியின் சோம்பா மாவட்டச் சோதனை வேறொன்றைக் காட்டியது. பள்ளிக்கு வந்தால்தான் பணம் என்ற பிரிவில் படிப்பு அதிகம் முன்னேறியது. நிபந்தனையே இல்லாமல் பணம் கொடுத்த பிரிவில் திருமணமும் கர்ப்பமும் அதிகம் குறைந்தன, ஏனென்றால் படிப்பை விட்டுவிட்ட பெண்ணுக்கும் அந்தப் பணம் போய்ச் சேர்ந்தது. பணம் நின்றதும் அந்தப் பலன் கரைந்தது. எனவே பள்ளியை விட்டதும் உதவியையும் நிறுத்துவது கண்டிப்பாகத் தெரியலாம். அதிக ஆபத்தில் இருக்கும் பெண்ணைத்தான் அது கைகழுவுகிறது.

கழிப்பறை இல்லாததால்தான் பெண்கள் நின்றுவிடுகிறார்களா?

கழிப்பறை, தண்ணீர், கதவுக்குத் தாழ்ப்பாள் இவை பேரத்துக்கு அப்பாற்பட்டவை. ஆனால் அதைக் கட்டிவிட்டு இடைநிற்றல் தீர்ந்தது என்று அறிக்கை எழுதக் கூடாது.

அப்பாக்களையும் ஊர்ப் பெரியவர்களையும் எப்படிச் சேர்ப்பது?

பள்ளிக் குழுவில் நாற்காலி கொடுத்து. மைக் பிடித்துப் பேசவைப்பதைவிட, வருகைப் பதிவைச் சரிபார்க்கும் பொறுப்பை ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள். மலாவியின் டெட்ஸா மாவட்டத்தில் மரபுவழித் தலைவியாக இருந்த தெரேசா கச்சிந்தமோட்டோ தன் ஆளுகைக்குட்பட்ட பகுதியில் நூற்றுக்கணக்கான குழந்தைத் திருமணங்களை ரத்து செய்து பெண்களைப் பள்ளிக்குத் திருப்பி அனுப்பினார். அவற்றை அனுமதித்த கீழ்நிலைத் தலைவர்களைப் பதவியிலிருந்து இறக்கினார். அந்த நாட்டின் அரசியல் சாசனம் திருமண வயதை 18 ஆக்கியது 2017இல்தான். மதத் தலைவர், திருமணம் நடத்திவைப்பவர், மண்டபக்காரர், சமையல்காரர் வரை வயதுச் சான்று கேட்கும் பழக்கம் வந்தால் பாதி வேலை முடிந்தது. அண்ணன்களை மறந்துவிடாதீர்கள், பல வீடுகளில் தங்கையின் படிப்பை நிறுத்துவது அப்பா அல்ல, அண்ணன்.

ஒரு மாணவிக்கு ரகசியமாக ஏற்பாடு நடப்பதாகத் தெரிந்தால் ஆசிரியை என்ன செய்ய வேண்டும்?

முதலில் அந்தப் பெண்ணிடம் தனியாகப் பேச வேண்டும். அவளுக்குத் தெரியாமல் புகார் கொடுத்தால், வீட்டில் பழி அவள்மேல் விழும். நாள் தள்ளியிருந்தால் பெற்றோரிடம் பேசலாம், தனியாக அல்ல, அவர்கள் மதிக்கும் ஒருவரை அழைத்துக்கொண்டு. நாள் நெருங்கிவிட்டால் பேச்சில் நேரம் போக்கக் கூடாது. இந்தியாவில் 1098 குழந்தைகள் உதவி எண்ணுக்கு யாரும் சொல்லலாம். 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு பகுதிக்கும் குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர் உண்டு. நீதித்துறை நடுவர் தடையாணை பிறப்பிக்கலாம். அதை மீறி நடக்கும் திருமணம் சட்டப்படி செல்லவே செல்லாது. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் தண்டனையைவிடத் தடுப்புக்கே முதலிடம் என்று வழிகாட்டியது.

நிறுத்திய மறுநாளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அடுத்த மாதம் வேறு ஊரில் உறவினர் வீட்டில் வைத்து நடத்திவிடும் வாய்ப்பு அதிகம். வாரம் ஒருமுறை ஏதாவது சாக்கில் அந்த வீட்டுக்குப் போய்வருவது புகாரைவிடக் கடினமான வேலை.

அவளே விரும்பிப் போய்விட்டால்?

பல ஊர்களில் இது கூடிவருகிறது. வீட்டில் வேறு இடத்தில் கட்டிவைத்துவிடுவார்கள் என்ற பயத்தில் ஓடிப்போகிறவர்கள் இதில் நிறைய. பெற்றோர் தரும் புகார்களில் பெண்ணின் நலனைவிடக் கோபம் முன்னால் நிற்பதும் உண்டு. பள்ளியின் வேலை தீர்ப்புச் சொல்வதல்ல. அவளுக்கு இடம் மூடவில்லை என்று தெரிவிப்பது.

ஏற்கெனவே மணமானவள், கர்ப்பமானவள் திரும்பி வந்தால் சேர்க்கலாமா? மற்றப் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்கிறார்களே?

சேர்க்க வேண்டும். சாம்பியா 1997 முதலே பிரசவத்துக்குப் பின் மாணவிகள் திரும்பிவர வழிசெய்தது. சியரா லியோன் நேர்மாறாக 2015இல் கர்ப்பிணி மாணவிகளைத் தடைசெய்தது. மேற்காப்பிரிக்கச் சமூக நீதிமன்றம் 2019இல் அது உரிமை மீறல் என்றது, 2020இல் தடை நீங்கியது. 15-19 வயதுப் பெண்களின் இறப்புக்கு முக்கியக் காரணங்களில் கர்ப்பச் சிக்கலும் பிரசவச் சிக்கலும் அடங்கும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. அப்படியொரு ஆபத்தில் இருக்கும் பெண்ணை மருத்துவமனைக்கும் சுகாதாரப் பணியாளருக்கும் இணைக்கக் கூடிய ஒரே இடம் சில ஊர்களில் பள்ளிதான்.

இந்தியச் சட்டம் இன்னொரு கதவையும் திறந்துவைத்திருக்கிறது: சிறு வயதில் மணமானவர் 18 நிறைந்த பின் இரண்டு ஆண்டுகள் வரை அந்தத் திருமணத்தை ரத்து செய்யக் கோரலாம். பிறந்த குழந்தையின் சட்ட உரிமை பாதிக்கப்படாது. இது தெரியாமலேயே கெடு கடந்துபோகிறவர்கள்தான் அதிகம்.

வெள்ளம், தொற்றுநோய் என்று பள்ளி மூடினால்?

திருமணங்கள் கூடும், தயாராக இருங்கள். எபோலாவால் சியரா லியோனில் பள்ளிகள் மூடியபோது, பெண்கள் மன்றம் இருந்த ஊர்களில் இடைநிற்றலும் கர்ப்பமும் மற்ற ஊர்களைவிடக் குறைவாக இருந்தன. கட்டடம் பூட்டினாலும் குழு கூடட்டும், மரத்தடியிலாவது.

செலவு யாருடையது?

ஊர் இடமும் உழைப்பும் தரலாம். ஆசிரியையின் சம்பளத்தையும் ஊரே தர வேண்டும் என்றால், ஏழை ஊர் இரண்டு முறை வரி கட்டுகிறது என்று பொருள். சாம்பியாவில் சமுதாயப் பள்ளிகளை 2011 கல்விச் சட்டம் அங்கீகரித்தது. அங்கீகாரத்தோடு பணமும் வந்தால்தான் அது நீடிக்கும். "சமுதாயப் பங்கேற்பு" என்ற பெயரில் அரசு தன் கடமையிலிருந்து நழுவுவதைக் குழுக்கள் கேள்வி கேட்க வேண்டும்.

நம் பள்ளி பலன் தருகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எத்தனை கூட்டம் நடந்தது என்று எண்ணாதீர்கள். ஊரில் 10 முதல் 18 வயது வரையுள்ள எல்லாப் பெண்களின் பெயரையும் ஒரு நோட்டில் எழுதுங்கள், பள்ளியில் சேராதவர்களையும் சேர்த்து. ஆண்டுக்கு இருமுறை ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எழுதுங்கள்: படிக்கிறாளா, எங்கே இருக்கிறாள், மணமாகிவிட்டதா. "உறவினர் வீட்டுக்குப் போயிருக்கிறாள்" என்ற பதில் இரண்டு முறை வந்த பெயர்களை முதலில் விசாரியுங்கள்.